கவனம் சிதறுவது சோம்பலா?

"கெட்டிக்காரி, ஆனால் கவனமில்லை" என்றே எல்லோரும் சொன்னார்கள். ஏ.டி.எச்.டி. என்று உளநல வைத்தியர் சொன்னபோது எனக்கு வயது 38. வகுப்பில் ஓடித்திரியும் பையன்கள் ஆசிரியரின் கண்ணில் படுவார்கள். யன்னலைப் பார்த்தபடி இருக்கும் பிள்ளை படமாட்டாள்.

போரின் பாதிப்பும் கவனத்தைக் குலைக்கும், நித்திரையைக் கெடுக்கும். அதனால்தான் 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் இருந்தனவா என்று வைத்தியர்கள் கேட்கிறார்கள். செல்லடிக்குள் வளர்ந்தவளிடம் இலேசான கேள்வியா அது? 1995 இடப்பெயர்வுக்கு முந்திய என்னைப் பற்றி அம்மாதான் சொன்னார்.

"எனக்கு இந்த வேலை சரிவராது" என்ற எண்ணம் இன்னமும் வரும். அப்போது, முடித்த வேலைகளைக் குறித்துவைத்த கொப்பியைத் திறப்பேன். வாய்ச்சொல்லாகத் தரும் வேலை என் நினைவில் தங்காது. அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டுகிறேன். மேலதிகாரி முதலில் சிரித்தார். இப்போது அவரே எழுதித் தருகிறார்.