தொழிற்கூடமும் பள்ளியும் அரசாங்கமும்

ஒரு நகரத்திலே தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. தேர்ந்த பிட்டர்களும் வெல்டர்களும் கிடைக்கவில்லையென்று அவற்றின் நிர்வாகிகள் குறை கூறுகின்றனர். அதே நகரத்திலே பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லையென்று பெற்றோர்கள் குறை கூறுகின்றனர். இரு சாராரும் கூறுவது உண்மையே. ஆலையின் வாயிலுக்கும் இளைஞனின் வீட்டு வாயிலுக்கும் இடையே ஒரு கல் தொலைவே இருக்கலாம். ஆயினும் அத்தொலைவை நடந்து கடக்க இயலாது, பயிற்சியினால்தான் கடக்க இயலும். அப்பயிற்சியை அளிப்பவர் யார், அதன் செலவைத் தாங்குபவர் யார், அது செம்மையானதென்று சான்று கூறுபவர் யார் என்னும் மூன்று வினாக்களையே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இஃது அயலார் விவகாரம் அன்று. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டதே, வேறொரு பிரதேசத்தில் தேர்ந்த ஆட்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டதனால்தான். ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் ரூர்க்கேலாவிலும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய வரலாறு, ஒரு வகையில் அப்பஞ்சத்தின் வரலாறேயாகும்.

ஜாம்ஷெட்பூரை முதலில் நோக்குவோம். அங்கே டாட்டா இரும்பு உருக்காலையில் 1911-இல் இரும்பும், 1912-இல் உருக்கும் உற்பத்தியாயின. உலைகளை நடத்தும் வித்தை அறிந்தவர்கள் அந்நாளில் நம் நாட்டில் அரியர். ஆகவே முக்கியமான பொறுப்புகளுக்கு அயல்நாட்டு நிபுணர்களை மிகுந்த சம்பளம் கொடுத்து அழைக்கவேண்டியதாயிற்று. இந்நிலை நெடுநாள் நீடித்தல் ஆகாதெனக் கருதிய நிர்வாகம், 1921-இல் ஜாம்ஷெட்பூர் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவி, இந்திய இளைஞர்களுக்கு ஆலையிலேயே பயிற்சியளிக்கத் தொடங்கிற்று. தொழில் நடத்துவோர் தாமே பள்ளியும் நடத்தலாம் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

ஆனால் பேராலைக்கு இயல்வது சிறு பட்டறைக்கு இயலுமா? இருபது பேர் வேலை செய்யும் பட்டறையின் உடைமையாளர் ஓர் இளைஞனுக்கு ஈராண்டு தொழில் கற்பிக்கிறார் என வைத்துக்கொள்வோம். கற்று முடித்ததும் அவன் சற்றே கூடுதலான சம்பளத்துக்காக அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறான். கற்பித்த செலவு ஒருவருக்கு; பயன் மற்றொருவருக்கு. இதைக் கண்ட ஏனைய உடைமையாளர்களும் கற்பிப்பதை நிறுத்திவிடுகின்றனர். பிறர் பயிற்றிய ஆளை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கும்போது, பயிற்றுவிப்பவர் ஒருவரும் இலராகின்றனர். பிரதேசம் முழுவதும் தேர்ந்த கைகள் அற்றுப்போவதற்கு இதுவே முதற் காரணம். இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் சரியாகவே பார்க்கின்றனர். கூட்டுக் கணக்குத்தான் தவறிப்போகிறது.

கூட்டுக் கணக்கைப் பார்க்கவேண்டியது அரசாங்கத்தின் கடமை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945-இல், படையிலிருந்து விடுவிக்கப்படும் வீரர்களுக்கு மறுவாழ்வும் வேலையும் தேடித் தருவதற்காகத் தனித் துறை ஒன்று அமைக்கப்பட்டது. அத்துறையின் வழிவந்ததே பின்னாளைய தொழிற்பயிற்சி நிர்வாகம். 1950-இல் கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது நாடெங்கும் சுமார் 50 தொழிற்பயிற்சி நிலையங்களே இருந்தன. நாம் வழக்கில் ஐ.டி.ஐ. என்று கூறுவது இவற்றைத்தான். இன்று அவற்றின் எண்ணிக்கை 14,000-ஐக் கடந்துவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. 1956-இல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது; பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றின் தரத்தைக் காப்பது மத்திய அரசின் பொறுப்பாக நின்றது. எனவே ரூர்க்கேலாவில் பெற்ற சான்றிதழ் கோயம்புத்தூரிலும் செல்லும். கோயம்புத்தூரில் பெற்றது புனேயிலும் செல்லும். ஊர் விட்டு ஊர் செல்லும் மக்களுக்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை.

பிலாய் நகரத்தின் கதை இப்பொறுப்பின் மற்றொரு பக்கத்தைக் காட்டும். அங்கு உருக்காலை அமைப்பதற்கான ஒப்பந்தம் 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சோவியத் நாட்டுடன் கையெழுத்தாயிற்று. நெல் விளையும் கிராமங்கள் சூழ்ந்த அப்பிரதேசத்தில் ஊதுலையைக் கண்டவர்கள்கூட அரியர். இந்தியப் பொறியாளர்கள் பலர் சோவியத் ஆலைகளுக்கு அனுப்பப்பட்டுப் பயின்றனர். சோவியத் நிபுணர்கள் இங்கு வந்து உடனிருந்து கற்பித்தனர். 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்கள் முதல் ஊதுலையைத் தொடங்கிவைத்தார். அந்நாளில் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்களே பல பணிகளை நிரப்பினர். கட்டடம் எழுப்ப நான்கு ஆண்டு போதும். சுற்றுப்புறத்துப் பிள்ளைகளைத் தொழிலுக்கு ஆயத்தம் செய்ய ஒரு தலைமுறை வேண்டும் என்பதே அங்கு நாம் கற்கத்தக்க பாடம்.

இனி, ஒரு பிட்டர் எவ்வாறு உருவாகிறான் என்பதைக் காண்போம். தொழிற்பயிற்சி நிலையத்தில் அவனுக்கு ஈராண்டுப் பயிற்சி. முதலில் அரத்தைப் பிடித்து ஓர் இரும்புத் துண்டை நாற்புறமும் சமமாக இழைக்கச் சொல்கிறார்கள். கை சலித்துப்போகும், மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும், மீண்டும் இழைக்கவேண்டும். பிறகு அளவுக் கருவிகளைக் கையாளுதல், துளையிடுதல், மரை வெட்டுதல், வரைபடத்தைப் படித்தல் ஆகியன வருகின்றன. இவையெல்லாம் பள்ளியில் பொறுமையாகக் கற்கத்தக்கவை. ஆனால் இரவு முறையில் இயந்திரம் நின்றுவிட்டால் விடிவதற்குள் அதை ஓடச் செய்வது எப்படி, ஓசையைக் கேட்டே பேரிங்கின் பழுதை உணர்வது எப்படி என்பவற்றைப் பள்ளி கற்பிக்க இயலாது. அவை ஆலையில், மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று கற்கவேண்டியவை. 1961-இல் பழகுநர் சட்டம் பிறந்ததன் நோக்கம் இதுவே. இளைஞர்களுக்கு உதவித்தொகையுடன் தொழில் பழக இடமளிக்கும் கடமையை அச்சட்டம் ஆலைகள்மேல் வைத்தது. இன்று 30 பேருக்குக் குறையாது வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், தன் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரையில் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ஆகவே பள்ளி அடிப்படையைத் தருகிறது. ஆலை அனுபவத்தைத் தருகிறது. அரசாங்கம் தரத்தையும் சான்றையும் தருகிறது. இவற்றுள் ஒன்று பெயரளவில் நின்றுவிட்டாலும் மற்ற இரண்டின் உழைப்பும் வீணாகும். இதனை நாம் ஏட்டில் படித்து அறிந்ததைவிட, ஒரு நண்பரின் வீட்டில் கண்டு அறிந்ததே அதிகம்.

வடக்கே ஒரு நகரத்தில் நமக்கு அண்டை வீட்டினராக இருந்தவர், சென்ற தலைமுறையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய மகன் பத்தாம் வகுப்புத் தேறியபோது, என்ன படிக்கவைக்கலாம் என்று நம்மைக் கேட்டார். கலைப் பட்டம் பெற்று, அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்து வாழ்க்கை நடத்தும் நாம், சற்றும் தயங்காமல் பட்டப்படிப்பையே பரிந்துரைத்தோம். நாற்காலியில் அமர்ந்து செய்வதுதான் வேலை என்னும் எண்ணம் நம் உள்ளத்திலும் ஊறியிருந்தது. பையனோ நம் ஆலோசனையைக் கேட்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். ஈராண்டு கழிந்து ஓர் ஆலையில் பழகுநனாகவும் அமர்ந்தான். நான்கு மாதங்களுக்குப்பின் தந்தையார் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையனுக்கு அங்கே பெட்டிகளை அடுக்கும் வேலையைத் தவிர வேறொன்றும் தரப்படவில்லை. அரத்தையே அவன் தொடவில்லை. என்ன செய்வது என்று கேட்டார். அவர் கொண்டுவந்தது பழகுநர் ஒப்பந்தம். ஆங்கிலத்தில் இருந்த அதனை வரிவரியாகத் தமிழில் அவருக்குச் சொன்னோம். பையன் பழகவேண்டிய தொழில் பிட்டர் தொழில் என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. குறித்த தொழிலில் பயிற்சியளிப்பது நிறுவனத்தின் கடமை என்றும், ஒப்பந்தம் பற்றிய வழக்கு எழுந்தால் அரசாங்கத்தின் பழகுநர் ஆலோசகர் அதை விசாரிப்பார் என்றும் சட்டம் கூறுகிறது. ஆலோசகருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். சில வாரங்களில் பையன் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டான். அங்கிருந்த முதிய மேஸ்திரி ஒருவர் அவனைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்பித்தார். இன்று அவன் தன் கைத்திறனால் குடும்பத்தைத் தாங்குகிறான். நாம் கூறிய ஆலோசனை தவறென்பதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. அதனால் நமக்கு வெட்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

இந்நிகழ்ச்சியில் பள்ளி தன் கடமையைச் செய்தது, ஆலை முதலில் தவறியது, சட்டம் கைகொடுத்தது. வேறிடங்களில் பள்ளி தவறுவதும் உண்டு. ஆலைகள் கைவிட்டுவிட்ட பழைய இயந்திரத்தில் பயிற்சி அளிப்பதும், ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதும், ஊரில் எவரும் தேடாத தொழிலுக்கு ஆண்டுதோறும் ஆள் சேர்ப்பதும் பலரும் அறிந்த குறைகள். ஊரில் எத்தொழிலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை அவ்வூர்த் தொழில் நடத்துவோர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், பள்ளி எவ்வாறு அறியும்?

இக்குறைகளை நீக்க அண்மைக் காலத்தில் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2007-08-இல் தொடங்கிய திட்டத்தின்படி 1,396 அரசு நிலையங்களுக்குத் தொழில்துறையினர் தலைமையில் நிர்வாகக் குழுக்கள் அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கோடி ரூபாய் வரையில் வட்டியில்லாக் கடன் அளிக்கப்பட்டது. 2016-இல் வந்த திட்டம், பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் என்னும் வரம்புக்குட்பட்டு, அரசாங்கமே ஏற்க வழி செய்தது. பயிற்சியின் செலவைக் கண்டு சிறு பட்டறை அஞ்சுவதை மேலே கண்டோம். அவ்வச்சத்திற்கு இது ஓரளவு மருந்து. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் 1,000 அரசு நிலையங்களைப் புதுப்பிக்க 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி; மாநிலங்களின் பங்கு 20,000 கோடி; தொழில்துறையின் பங்கு 10,000 கோடி.

மூவரும் பணம் போடுவது நன்றே. ஆயினும் பணம் இயந்திரத்தை வாங்கும். மேஸ்திரியின் நேரத்தை வாங்காது. ஆலை தன் சிறந்த தொழிலாளியை நாளுக்கு ஒரு மணி நேரமேனும் பழகுநனுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். பள்ளி தன் ஆசிரியரை ஆண்டுக்குச் சில வாரங்கள் ஆலைக்கு அனுப்பவேண்டும். அரசாங்கம் சான்றிதழ்களை எண்ணுவதோடு நில்லாமல், சான்று பெற்றவன் ஓராண்டுக்குப்பின் அத்தொழிலில் இருக்கிறானா என்று பார்க்கவேண்டும். சிறு பட்டறைகள் பல ஒன்றுகூடித் தம் பழகுநர்களின் பயிற்சிக்குப் பொதுவான ஏற்பாடு செய்துகொண்டால், தனித்தனியே இயலாதது அவற்றுக்கும் இயலும்.

இதில் நம்மவர் செய்யத்தக்கவை யாவை? முதலாவதாக, பிள்ளை பிறந்து வளர்ந்த ஊரிலேயே அவனுக்குத் தொழிற்பயிற்சி கிடைக்குமா என்று விசாரியுங்கள். பிட்டர், எலெக்டிரீஷியன் முதலிய தொழில்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும். வேறு சில தொழில்களுக்கு எட்டாம் வகுப்பே போதும். பெண் பிள்ளைகளுக்கும் இக்கதவு திறந்தே இருக்கிறது. இரண்டாவதாக, அரசு நிலையங்களில் சேர்ப்பது மாநில நிர்வாகமாகையால், பலவிடங்களில் இருப்பிடச் சான்று கேட்கப்படும். கடைசி வாரத்தில் அலையாமல் முன்னரே அதைப் பெற்று வையுங்கள். மூன்றாவதாக, பிள்ளைகள் அவ்வூர் மொழியை நன்கு கற்கட்டும். வரைபடத்துக்கு மொழி வேண்டியதில்லை; மேஸ்திரியின் சொல்லுக்கு வேண்டும். நான்காவதாக, பழகுநர் ஒப்பந்தத்தைப் படித்தறியாமல் கையெழுத்திடாதீர்கள்.

உருக்காலைகளிலும் ரயில்வே தொழிற்கூடங்களிலும் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற தமிழர்கள் பல நகரங்களில் இருக்கின்றனர். மாலைப் பொழுதில் தமிழ்ச் சங்கத்து வாசகசாலையில் அவர்களைக் காணலாம். அக்கைகளில் உள்ள வித்தை எந்தப் பாடநூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. சங்கங்கள் அவர்களை அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வாரம் ஒருநாள் அழைத்துச் சென்றால், எம்மொழிப் பிள்ளையாயினும் அங்குள்ள மாணவர்கள் அனைவரும் பயன்பெறுவர். ஆட்கள் இல்லையென்று நம்மை வரவழைத்த ஊருக்கு, ஆட்களை ஆக்கிக் கொடுப்பதே நாம் செலுத்தத்தக்க கைம்மாறு.