உங்க பெயரில் இன்னொருத்தர் கேஸ்: கவுண்டி கோர்ட் ரெக்கார்டை நாமே தேடிப் பார்ப்பது எப்படி?



இந்த வார எபிசோடில் பேக்கிரவுண்ட் செக் பற்றிப் பத்து நிமிஷம்தான் பேச நேரம் கிடைச்சது. கம்பெனிகள் எதைப் பார்க்குறாங்கன்னு அதில் கேட்டிருப்பீங்க. அதையே நாம முன்கூட்டிப் பார்க்க முடியுமாங்கிற கேள்விக்கு ஆடியோவை விட எழுத்துதான் சரிப்படும், அதான் இந்தக் கட்டுரை. முடியும். பெரும்பாலும் காசு செலவில்லாம, வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

"நாம யாரு வம்புக்கும் போறதில்லையே, நமக்கு எதுக்கு இது?"ன்னு நினைக்கிறவங்கதான் முதல்ல படிக்கணும். நம்ம மேல கேஸ் இருக்காங்கிறது இங்க கேள்வி இல்லை. நம்ம பெயர் இருக்கிற வேற ஒருத்தர் மேல இருக்கிற கேஸ், நம்ம ரிப்போர்ட்டில் வந்து உட்காருமாங்கிறதுதான் கேள்வி. எனக்குத் தெரிஞ்ச ஒரு டெஸ்டிங் லீடுக்கு இப்படித்தான் ஆச்சு. ஆஃபர் கையில இருக்கு, பழைய இடத்தில் நோட்டீஸ் கொடுத்தாச்சு. அவர் கால் வைக்காத ஒரு கவுண்டியில் ஒரு கிரிமினல் கேஸ் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தது. பெயர் ஒண்ணு, பிறந்த வருஷம் வேற. சரிபண்ண மூணு வாரம் ஆச்சு. எச்-1பி-ல இருக்கிறவங்களுக்கு வேலை போனா கிடைக்கிற அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதில் மூணு வாரம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையைத் தள்ளி வைப்போம். அமெரிக்கா முழுக்க இருக்கிற கிரிமினல் கேஸ்களை ஒரே இடத்தில் தேடுற மாதிரி பொதுமக்களுக்கான டேட்டாபேஸ் கிடையாது. எஃப்பிஐ கிட்ட ஒண்ணு இருக்கு, ஆனா அதை நாம தேட முடியாது. 18 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, உங்களோட சொந்த ரெக்கார்டை மட்டும் வாங்கலாம். பேக்கிரவுண்ட் செக் கம்பெனிகள் "நேஷனல் கிரிமினல் சர்ச்"னு விக்கிறது, பல கவுண்டிகள், மாநிலச் சிறைத் துறைகள்னு அங்கங்க வாங்கிச் சேர்த்த பிரதிகளின் குவியல். நம்ம பாஷையில சொன்னா அது கேஷ். எப்போ ரிஃப்ரெஷ் ஆச்சுன்னு வெளியில இருந்து தெரியாது. ஒரிஜினல் இருக்கிறது 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகளில், ஒவ்வொரு கோர்ட் கிளர்க் ஆபீஸிலும்.

அப்போ எந்தக் கவுண்டி? நான் இருக்கிற டல்லாஸ் வடக்குப் பக்கத்தையே எடுத்துக்கிறேன். நீங்க எங்க குடியிருக்கீங்கங்கிறது முக்கியமில்லை, சம்பவம் எங்க நடந்ததுங்கிறதை வெச்சுத்தான் கேஸ் பதிவாகும். ஃபிரிஸ்கோவில் நம்ம ஆளுங்க நிறைய. அந்த ஊரே காலின், டென்டன்னு ரெண்டு கவுண்டியில் பரவிக் கிடக்கு. டல்லாஸ் நகரமோ ஐந்து கவுண்டிகளைத் தொடுது. வீட்டில் இருந்து ஆபீஸுக்குப் போற தூரத்துக்குள்ள கவுண்டி எல்லையைத் தாண்டியிருப்போம். அதனால குடியிருந்த கவுண்டி, வேலை பார்த்த கவுண்டி, அடிக்கடி கார் ஓட்டிப் போன கவுண்டின்னு ஒரு லிஸ்ட் போட்டுக்குங்க.

அடுத்தது, எந்தக் கோர்ட்? டெக்சாஸில் பெரிய குற்றங்கள், அதாவது ஃபெலனி, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போகும். கிளாஸ் ஏ, கிளாஸ் பி மிஸ்டிமீனர் கவுண்டி கோர்ட்டுக்கு. குடிச்சுட்டு வண்டி ஓட்டி முதல் தடவை மாட்டினா பொதுவா கிளாஸ் பி. 500 டாலர் வரைக்கும் அபராதம் மட்டுமே உள்ள கிளாஸ் சி, டிராஃபிக் டிக்கெட் உட்பட, நகரத்தோட முனிசிபல் கோர்ட்டுக்கோ ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுக்கோ போகும். பல கவுண்டிகளில் டிஸ்ட்ரிக்ட் கிளர்க், கவுண்டி கிளர்க்னு ரெண்டு தனி ஆபீஸ் இருக்கும். கூகுளில் தேடும்போது கவுண்டி பெயரோட "டிஸ்ட்ரிக்ட் கிளர்க்", "ஜுடிஷியல் ரெக்கார்ட்ஸ்"னு சேர்த்துப் போடுங்க. மேல விளம்பரமா வர்ற பீப்பிள்-சர்ச் தளங்களை அப்படியே தாண்டிப் போயிடுங்க. அவங்களே பொடி எழுத்தில், வேலைக்கோ வாடகைக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருப்பாங்க. ஷெரிஃப் ஆபீஸ் வெச்சிருக்கிற ஜெயில் லிஸ்டும் கோர்ட் ரெக்கார்டு கிடையாது. அது யாரைப் பிடிச்சாங்கன்னு சொல்லும், கேஸ் என்ன ஆச்சுன்னு சொல்லாது.

கேஸ் ஒரு கவுண்டியில ஆரம்பிச்சு இன்னொரு கவுண்டிக்கு மாறுறதும் உண்டு. டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் மேல 2015-ல் காலின் கவுண்டியில் பங்கு மோசடிக் குற்றச்சாட்டு பதிவாச்சு. 2017-ல் கேஸ் ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டிக்குப் போச்சு. அவர் குற்றத்தை மறுத்தார். 2024-ல் ஓர் உடன்பாட்டுக்குப் பிறகு குற்றச்சாட்டைக் கைவிட்டாங்க. காலின் தளத்தை மட்டும் பார்த்தா இந்தக் கதையின் பாதிதான் கிடைக்கும்.

ஃபெடரல் குற்றங்கள் தனி உலகம். அதுக்கு பேசர் என்கிற தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமெண்டுக்கு அதிகபட்சம் 3 டாலர். மூணு மாசத்தில் 30 டாலருக்குள்ள இருந்தா கட்ட வேண்டாம். தேடல் ரிசல்ட் பக்கத்துக்கும் மீட்டர் ஓடும், அதைக் கவனிங்க.

இப்போ நம்ம தலைவலிக்கு வருவோம். பெயர்.

கோர்ட் தளங்கள் எல்லாமே லாஸ்ட் நேம், ஃபர்ஸ்ட் நேம்னு கேட்கும். நமக்கு அப்படி ஒண்ணு பிறவியில் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலா இருந்தது, பாஸ்போர்ட்டில் விரிஞ்சு லாஸ்ட் நேம் ஆச்சு. சிலருக்கு அது ஃபர்ஸ்ட் நேம் பெட்டியில் போய் உட்கார்ந்தது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியா இருந்தவங்களுக்கு விசாவில் சொந்தப் பெயர் லாஸ்ட் நேமா மாறி, ஃபர்ஸ்ட் நேம் இடத்தில் "எஃப்என்யூ"ன்னு அடிச்சுக் கொடுத்திருப்பாங்க. முதல் பெயர் தெரியலைங்கிறதுக்கான சுருக்கம் அது. அதையே ஒரு பெயரா நினைச்சுக் கூப்பிடுற ஆளுங்களும் இருக்காங்க. கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பெயரைச் சேர்த்த பெண்களுக்கு இன்னும் ரெண்டு வடிவம் கூடும்.

அதனால டிரைவிங் லைசன்ஸ், பாஸ்போர்ட், விசா, சோஷியல் செக்யூரிட்டி கார்டு நாலையும் மேசையில் வெச்சு, அதில் இருக்கிற ஒவ்வொரு வடிவத்தையும் தேடுங்க. முன்னும் பின்னும் மாத்தியும் தேடுங்க. போலீஸ்காரர் டிக்கெட் எழுதும்போது லைசன்ஸைப் பார்த்துத்தான் அடிப்பார் என்பதால் அந்த வடிவத்துக்கு முதலிடம்.

பல கவுண்டித் தளங்களில் "சவுண்டெக்ஸ்"னு ஒரு டிக் பெட்டி இருக்கும். ஒலி ஒத்துப்போற பெயர்களையும் சேர்த்துத் தேடுறதுக்காக. 1918-ல் பேட்டன்ட் வாங்கின முறை, இன்னும் ஓடுது! முதல் எழுத்தை அப்படியே வெச்சு, உயிரெழுத்தைத் தூக்கிட்டு, மீதியை மூணு எண்ணாக்கும். செந்தில் என்பதை "டி-எச்" போட்டு எழுதினாலும் வெறும் "டி" போட்டு எழுதினாலும் ஒரே கோடுதான். ஆனா தமிழ்ச்செல்வன் என்பதில் ழகரத்துக்கு "இசட்-எச்" போட்டா டி524, "எல்" போட்டா டி542. ரெண்டும் சேராது. பாலமுருகனை "பி"யில் தொடங்கினாலும் "பீ"க்குப் பதில் வேற எழுத்தில் தொடங்கினாலும் இதே கதி, முதல் எழுத்து மாறினா கோடும் மாறும். ஆங்கிலப் பெயருக்குச் செஞ்ச கருவி ழகரத்துக்கு என்ன பண்ணும், பாவம். அதை நம்பாம ஸ்பெல்லிங் வகைகளைக் கையாலயே போட்டுப் பாருங்க.

உங்க பெயரில் ஏதாவது வந்தா பதற வேண்டாம். பிறந்த தேதியைப் பாருங்க. சில கவுண்டி முழு தேதியைக் காட்டும், சிலது வருஷத்தை மட்டும், சிலது எதையுமே காட்டாது. கலிபோர்னியாவில் 2021-ல் வந்த ஒரு அப்பீல் தீர்ப்பு, கோர்ட்டோட கிரிமினல் இன்டெக்ஸில் பிறந்த தேதியையோ லைசன்ஸ் எண்ணையோ வெச்சுத் தேட விடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பிரைவசிக்கு நல்லது. ஆனா பெயர் ஒத்துப்போற அப்பாவியைப் பிரிச்சுக் காட்டுற அடையாளமும் அதோட போச்சு. எனக்கு இதில் ரெண்டு மனசு.

பெயரை மட்டும் வெச்சுப் பொருத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன உதாரணம் இருக்கு. 2011-ல் செர்ஜியோ ராமிரெஸ் கார் வாங்கப் போனார். டிரான்ஸ்யூனியன் கொடுத்த கிரெடிட் ரிப்போர்ட், அவர் பெயர் அரசின் தடைப் பட்டியலோட ஒத்துப்போகுதுன்னு சொன்னது. டீலர் அவருக்கு விக்க மாட்டேன்னுட்டார், மனைவி பெயரில் வாங்க வேண்டியதாச்சு. ஃபர்ஸ்ட் நேமும் லாஸ்ட் நேமும் மட்டும்தான் ஒப்பிட்டிருந்தாங்க. வழக்கில் சேர்ந்தவங்க 8,185 பேர். 2021-ல் கோர்ட், ரிப்போர்ட் வெளியாளுக்குப் போன 1,853 பேருக்கு மட்டும்தான் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டுன்னு சொன்னது.

உங்க ரிப்போர்ட்டில் தப்பு வந்தா, ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட்படி, ஆஃபரை ரத்து பண்றதுக்கு முன்னாடியே கம்பெனி அந்த ரிப்போர்ட்டின் நகலை உங்களுக்குக் கொடுக்கணும். நீங்க மறுத்து எழுதினா, பொதுவா 30 நாளில் விசாரிச்சுத் திருத்தணும். கவுண்டித் தளத்தில் அந்தக் கேஸோட பக்கத்தை நீங்களே எடுத்து, பிறந்த தேதி வேறன்னு காட்டி அனுப்பினா வேலை சீக்கிரம் முடியும். தண்டனையில் முடியாத கைதுகளை 7 வருஷத்துக்கு மேல ரிப்போர்ட்டில் போடக் கூடாதுன்னும் அதே சட்டம் சொல்லுது. ஆனா சம்பளம் வருஷத்துக்கு 75,000 டாலரோ அதுக்கு மேலயோ இருக்கிற வேலைக்கு இந்தப் பாதுகாப்பு ஃபெடரல் சட்டத்தில் இல்லை. இதைப் படிக்கிறவங்களில் எத்தனை பேர் அந்தக் கோட்டுக்கு மேல இருப்பீங்கன்னு கணக்குப் போட்டுக்குங்க.

திரையில் "டிஸ்மிஸ்டு"ன்னு பார்த்தாலும் நம்ம கதை அங்க முடியறதில்லை. டெக்சாஸில் டிஃபர்டு அட்ஜுடிகேஷன்னு ஒண்ணு உண்டு. குற்றத்தை ஒப்புக்கிட்டு, கண்காணிப்புக் காலத்தை ஒழுங்கா முடிச்சா, கேஸ் தள்ளுபடி. மாநிலச் சட்டப்படி அது பொதுவா தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டத்துக்கு அது தண்டனைதான். ஒப்புதலும் ஏதாவது ஒரு கட்டுப்பாடும் இருந்தாலே போதும். "கேஸ் முடிஞ்சிடும், கையெழுத்துப் போடுங்க"ன்னு யார் சொன்னாலும், குடியேற்றச் சட்டம் தெரிஞ்ச வக்கீல் கிட்ட காட்டாம போடாதீங்க. உங்க கிரிமினல் வக்கீலுக்கும் இதைச் சொல்ற கடமை உண்டு, 2010-ல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

மற்ற மாநிலங்களில் இருக்கிறவங்களுக்குச் சுருக்கமா: விஸ்கான்சினில் மாநிலம் முழுக்க இலவசமா ஒரே தளத்தில் தேடலாம். நியூயார்க்கின் இலவசத் தளம் அடுத்த விசாரணைத் தேதி இருக்கிற கிரிமினல் கேஸ்களை மட்டும் காட்டும். மாநிலம் முழுக்கத் தேடித்தர கோர்ட் நிர்வாகம் 95 டாலர் வாங்குது. கலிபோர்னியாவில் கிரிமினல் கேஸ் ஃபைலை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, கோர்ட்டுக்குப் போகணும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கோபத்தோட. நம்ம பெயர் இருக்கிற யாராவது கைதானா, அந்த ஜெயில் போட்டோ அரை மணி நேரத்தில் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துடுது. கேஸ் தள்ளுபடியான செய்தியை அதே குரூப்பில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. கேஸ் நம்பரைத் தேட ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

உங்க மேல நிஜமாவே பழைய கேஸ் ஒண்ணு இருந்து, அதை எக்ஸ்பங்ஷன் மூலம் அழிக்கப் போறீங்கன்னா, அதுக்கு முன்னாடி கிளர்க் ஆபீஸில் கேஸ் முடிவோட சான்றிட்ட நகலை வாங்கிடுங்க. முத்திரை போட்டது, ரெண்டு மூணு காப்பி. சில டாலர்தான். குடியுரிமை விண்ணப்பத்தில் அழிச்ச கேஸையும் கேட்பாங்க, அப்போ கோர்ட்டில் போய்க் கேட்டா கொடுக்க அவங்க கிட்ட ஒண்ணும் இருக்காது. ஏற்கெனவே அழிஞ்சுபோச்சுன்னா, ரெக்கார்டு இல்லைங்கிற கடிதத்தை கிளர்க் கிட்டயே எழுதி வாங்குங்க.

நான் வக்கீல் இல்லை, கோடு அடிக்கிறவன். உங்க கவுண்டித் தளம் எப்படி இருக்குன்னு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா மத்தவங்க பெயரை மறைச்சு அனுப்புங்க.