சிறு கார்களின் பேரிங்குகள்

வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு கார்களை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் ஓட்டியும் இருப்பீர்கள். இப்பேச்சைச் சுமந்து வரும் அலைகளின் இனத்தைச் சேர்ந்தவையே அக்காருக்கும் ஆணையிடுகின்றன. ஆயினும் நான் இன்று கூற எடுத்துக்கொண்டது அலைகளைப் பற்றி அன்று. அக்காரின் சக்கரங்களுக்குள் மறைந்திருக்கும் பேரிங் என்னும் எஃகு வளையத்தைப் பற்றியே.

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் போர்ஷே 934 என்ற தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டது. எளிய கார்களில் அச்சைத் தாங்குவதற்குப் பிளாஸ்டிக் புஷ்களை வைப்பதுண்டு. ஆர்வலர்கள் முதல் வேலையாக அவற்றைக் கழற்றிவிட்டுப் பால் பேரிங்குகளைப் பொருத்துவார்கள். புஷ்ஷில் அச்சு வழுக்குகிறது. பேரிங்கிலோ குண்டுகள் உருளுகின்றன. உருளுவதில் உராய்வு மிகக் குறைவு. இவ்வெண்ணம் புதியதன்று. வேல்ஸ் நாட்டு பிலிப் வான் என்பவர் வண்டியச்சில் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு 1794-இலேயே காப்புரிமை பெற்றார்.

உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள காரில், 5 மி.மீ. துளையும் 10 அல்லது 11 மி.மீ. வெளிவிட்டமும் உடைய பேரிங்குகளைப் பெரிதும் காணலாம். இரு வளையங்கள், இடையே குண்டுகள், அவற்றை விலக்கி நிறுத்தும் கூடு, இரு பக்கமும் மூடி. இவ்வளவே அதன் உறுப்புகள். இவற்றிடையே ஒரு மணல் துகள் புகுந்தால் குண்டுகள் அதன்மீது ஏறி ஏறி இறங்கி, வழவழப்பான பாதையில் குழி விழச் செய்கின்றன. இறுதியில் பேரிங் இறுகிவிடும். அப்பொழுது அச்சு உள்வளையத்திலேயே உரசித் தேயும். மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும்.

ஆகவே தூய்மை செய்தல் இன்றியமையாதது. ரப்பர் மூடியாயின், மெல்லிய கத்தி முனையை உள்விளிம்பில் செலுத்தி மெதுவாக நெம்பி எடுக்கலாம். பின்னர்ப் பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குலுக்கி, அழுக்கு நீங்கியபின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி உலர்த்த வேண்டும். இரண்டும் தீப்பற்றுபவை, சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டா. காற்றைப் பீய்ச்சிப் பேரிங்கைச் சுழலவிடுவதும் தீது. எண்ணெயின்றி அவ்வளவு வேகத்தில் சுழன்றால் குண்டுகள் கீறுபடும்.

இங்கேதான் பலரும் மயங்குகின்றனர். கழுவிய பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினால் நெடுநேரம் ஒலியெழுப்பிச் சுற்றும். கிரீஸ் நிரப்பிய புதிய பேரிங்கோ ஓரிரு சுற்றுகளில் நின்றுவிடும். உடனே, "முன்னதே சிறந்தது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விரலில் சுழலும்போது சுமை ஏது? காரில் ஓடும்போதோ எடையும் அதிர்ச்சியும் சிறு புள்ளிகள் வழியாகவே குண்டுகளின்மேல் இறங்குகின்றன. அப்புள்ளிகளில் எஃகை எஃகினின்றும் பிரித்து வைப்பது, ஒரு மைக்ரான் தடிப்பும் எட்டாத எண்ணெய்ப் படலமே. அது இல்லாத பேரிங் வேகமாகச் சுழன்று விரைவில் அழியும். விரலில் சுழற்றிப் பார்க்கும் அச்சோதனையை நான் ஒருபோதும் நம்புவதில்லை.

எதை இடுவது? மோட்டாரின் பேரிங்குகள் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்பவை. அவற்றிற்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். மிகுதியாக இட்டால் வெளியே கசிந்து தூசியை ஈர்க்கும். சேற்றிலும் மணலிலும் ஓடும் காரின் சக்கரப் பேரிங்குகளுக்குக் கிரீஸே ஏற்றது. கிரீஸ் என்பது எண்ணெயும் அதனைத் தாங்கும் சோப்பும் கலந்த பொருள். பஞ்சு நீரைத் தாங்குவதுபோல் சோப்பு எண்ணெயைத் தாங்கிச் சிறிது சிறிதாக விடுகிறது. அழுக்கு நுழையாமலும் ஓரளவு தடுக்கிறது. துருப்பிடித்த திருகுகளைத் தளர்த்தும் தெளிப்பு எண்ணெயைச் சிலர் பேரிங்குகளுக்கும் அடிக்கிறார்கள். அது அழுக்கை இளக்குமேயன்றி நெடுநாள் நிற்காது.

எண்ணெய் இட்டபின் மூடியை அழுத்திப் பொருத்தி, மெதுவாகச் சில சுற்றுகள் சுற்றி, வெளியே வந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். அப்பொழுதும் விரலுக்கு நறநறவென்று தட்டுப்பட்டால், பாதையில் குழி விழுந்துவிட்டது என்று பொருள். எத்தனை முறை கழுவினாலும் அக்குழி மறையாது. வேறு பேரிங்கைத்தான் பொருத்த வேண்டும்.