கரிமூட்டமும் டர்போ காரும்: ஏ.எஃப்.ஆர் மீட்டர் சொல்லும் சேதி என்ன?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தாலும் பொய்க்காதது சீமைக் கருவேலம். அதை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது இங்கே பலருக்குப் பிழைப்பு. மூட்டத்துக்குள் காற்று அளவாகப் போனால் கரி. மண்பூச்சில் விரிசல் விழுந்து காற்று கூடிவிட்டால், மிஞ்சுவது சாம்பல்தான். உள்ளே நடப்பதைப் புகையின் நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதே ஊர் வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் பறக்கும் டர்போ பெட்ரோல் கார்களுக்கும் காற்றுக் கணக்கு உண்டு. அந்தப் புகையைப் படித்துச் சொல்வதுதான் ஏ.எஃப்.ஆர் மீட்டர். ‘ரீமேப்’ செய்து காரின் வேகத்தைக் கூட்டும் இளைஞர்கள் பலர் இதை வாங்கி மாட்டுகிறார்கள். ஆனால், எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டால் இன்ஜினுக்கே ஆபத்து!

14.7 என்றால் என்ன?

1 கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இதுதான் சம அளவு. எண் இதற்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் அதிகம், அது ‘ரிச்’. மேலே ஏறினால் காற்று அதிகம், அது ‘லீன்’. சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான் இதைக் கண்டறிகிறது. இந்த வகை சென்சாரை 1976-ல் முதன்முதலாக வால்வோ கார்களில் பொருத்தியது பாஷ் நிறுவனம்.

எப்போது எந்த எண்?

* ஐடிலிங்கிலும், சீரான வேகத்தில் போகும்போதும் 14.7-ஐ ஒட்டி ஆடும்.
* காலையில் முதல் ஸ்டார்ட்டில் எண் குறைவாக இருக்கும். இன்ஜின் சூடானதும் சரியாகிவிடும்.
* ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் 20-ஐத் தாண்டும். பெட்ரோல் நின்றுவிட்டது என்று அர்த்தம், பயம் வேண்டாம்.
* முழு பூஸ்ட்டில், ரீமேப் செய்த கார்களில் பெரும்பாலும் 11.5 முதல் 12.5 வரை வைப்பார்கள்.

கடைசி வரிதான் உயிர்நாடி. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும்போது சூடும் அழுத்தமும் எகிறும். கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோல், அந்தச் சூட்டைத் தணிக்கிறது. அந்த நேரத்தில் எண் 14-ஐ நோக்கி ஏறினால், கலவை தானாகவே வெடித்து ‘நாக்கிங்’ வரலாம்; பிஸ்டன் உருகலாம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம். உச்சி வெயிலில் சூடான காற்றை இழுத்து ஓடும் காருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மீட்டரும் ஏமாற்றும்!

சென்சாருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து ‘லீன்’ என்று காட்டும். ஸ்பார்க் பிளக் ஒழுங்காகப் பொறி விடாவிட்டாலும் அப்படித்தான். எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வெளியே வரும். சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை மட்டுமே. எனவே, எண் ஏறியதும் பெட்ரோலைக் கூட்டச் சொல்லாமல், முதலில் கசிவையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இ20 போட்டால்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 20% எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சம அளவு 14.7 அல்ல, சுமார் 13.5. ஆனாலும் பெரும்பாலான மீட்டர்கள் சுத்த பெட்ரோல் கணக்கில் 14.7 என்றே காட்டும். குழப்பம் தீர, மீட்டரை ‘லாம்டா’ அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த எரிபொருளாக இருந்தாலும் அதில் 1.0 என்பதுதான் சமம். முழு பூஸ்ட்டில் 0.8-ஐ ஒட்டி இருக்கும்.

சுத்த பெட்ரோலை மனதில் வைத்து ரீமேப் செய்த பழைய கார் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதே அளவு இ20 தெளித்தால் கலவை ‘லீன்’ பக்கம் சாயும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்றாலும், டியூனரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. டீசல் இன்ஜின் எப்போதும் காற்று அதிகமாகவே ஓடும்.

என்ன செய்யலாம்?

முழு பூஸ்ட்டில் எண் வழக்கத்தைவிட ஏறினால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். இன்னொரு முறை மிதித்துப் பார்த்து உறுதி செய்யலாம் என்ற விபரீத ஆசை வேண்டாம். ஓட்டும்போது மீட்டரையே பார்ப்பதும் ஆபத்து. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லலாம்.

கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடும் காருக்கு இந்த மீட்டர் தேவையே இல்லை. செக் இன்ஜின் விளக்கைக் கவனித்தால் போதும். அது விட்டு விட்டு எரிந்தால், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

மூட்டக்காரர் விரிசலைப் பார்த்ததுமே மண்ணை அள்ளி அப்பிவிடுவார். சாம்பலான பிறகு என்ன அப்பினாலும் கரி கிடைக்காது. இன்ஜினும் அப்படித்தான்!