நெப்ராஸ்கா புல்வெளியில் அன்னாவின் 75 ஆண்டுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பிளேடன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரவீடு இருக்கிறது. அதையொட்டித் தரைக்கு அடியில் ஒரு கிடங்கு. வெயில் காலத்தில் குளுமையாகவும், எல்லாம் உறைந்துபோகும் பனிக்காலத்தில் உறையாமலும் இருக்கும் இந்தக் கிடங்கில்தான் அந்த வீட்டு அம்மா பழங்களையும் ஊறுகாய்களையும் சேர்த்து வைப்பார். அவர் பெயர் அன்னா பாவெல்கா. 1880-ல் 11 வயதுச் சிறுமியாக அந்த மண்ணில் கால் வைத்தவர். 1955-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

அன்னா பிறந்தது போஹீமியாவில். இன்றைக்கு செக் நாட்டின் மேற்குப் பகுதி அது. அப்போது ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்தது. நிலக்கிழாருக்குக் கட்டாய உழைப்புக் கொடுக்கும் முறை 1848-ல்தான் அங்கே ஒழிந்தது. கட்டாய வேலை போனதே தவிர, நிலம் எல்லோர் கைக்கும் வந்துவிடவில்லை. ஒரு குடிசையும் கொஞ்சம் மண்ணும் வைத்துக்கொண்டு, மீதி நாளெல்லாம் கூலிக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் காதில் '160 ஏக்கர் இலவசம்' என்ற சேதி விழுந்தால் எப்படி இருக்கும்!

18 டாலருக்கு 160 ஏக்கர்

1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், 21 வயது நிரம்பிய எவரும், குடும்பத் தலைவர் எவரும் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனு போடலாம் என்றது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் 'குடிமகனாகப் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். விதவைகளும் திருமணமாகாத பெண்களும்கூட மனு போடலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஏறக்குறைய 18 டாலர். ஆனால், 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து, இரண்டு சாட்சிகளைக் கூட்டிப்போய் நிரூபித்தால்தான் பட்டா.

'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது ஆளில்லாத நிலம் அல்ல. பாவ்னி, ஓட்டோ போன்ற பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வேட்டையாடி, மக்காச்சோளம் போட்ட பூமி. அவர்களிடமிருந்து ஒப்பந்தங்கள் மூலம் வாங்கி, அவர்களைத் தெற்கே அனுப்பிய பிறகுதான் அரசு அதைப் பங்குபோட்டது. பாவ்னி மக்கள் கடைசியாக வெளியேறியது 1870-களில். அதே ஆண்டுகளில்தான் செக் குடும்பங்கள் சாரை சாரையாக வந்திறங்கின.

வந்தவர்களுக்கும் 18 டாலரோடு செலவு முடியவில்லை. எருது, கலப்பை, வண்டி, விதை, கிணறு எல்லாம் வேண்டும். மேட்டு நிலங்களில் 100 அடிக்கு மேல் தோண்டினால்தான் தண்ணீர். அதனால் ஆண்கள் ரயில் பாதை வேலைக்கும், பெண்பிள்ளைகள் டவுன் வீடுகளில் வேலைக்கும் போய்ப் பணம் சேர்த்தார்கள். மீதிக்குக் கடன்தான்.

மண்ணை வெட்டி மண்ணிலேயே வீடு

அந்தப் புல்வெளியில் மரம் ஓடைக்கரையில் மட்டும்தான். மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் புல். சில வகைப் புல்லின் வேர் 6 அடிக்கும் கீழே போகும். வேரும் மண்ணும் பின்னிப் பிணைந்து கிடக்கும் அந்தத் தரிசை உடைக்கச் சாதாரணக் கலப்பை உதவாது. எஃகுக் கொழு வேண்டும், இழுக்கப் பல ஜோடி எருது வேண்டும். புல் நன்றாக வளரும் வசந்தத்தின் கடைசியில் உடைத்தால்தான் வேர் அழுகும். காலம் தப்பினால் புல் திரும்ப எழுந்துவிடும்.

உழும்போது புரண்டு வந்த புல்பத்தைதான் அவர்களுக்குச் செங்கல். ஓர் அடி அகலத்தில் கீறி, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு மண்வெட்டியால் துண்டுபோட்டு, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். சுவர் கனமே இரண்டடிக்கு மேல் இருக்கும். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. மழை வந்தால்தான் தொல்லை. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும். கூரையிலிருந்து மண்ணும் பூச்சியும், சில நேரம் பாம்பும் விழும். அதற்காகவே மேலே துணி கட்டுவார்கள். அதுவும் முடியாதவர்கள் மேட்டுச் சரிவில் குழி தோண்டி, முன்பக்கம் மட்டும் சுவர் வைத்துக் குடியிருந்தார்கள்.

விறகு கிடையாது. காய்ந்த புல்லை முறுக்கி எரித்தார்கள். மாடுகளும் காட்டெருமைகளும் போட்டுக் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள். மக்காச்சோளத்துக்கு விலை இல்லாமல் போன ஆண்டுகளில், விற்றால் வரும் காசைவிட நிலக்கரி விலை அதிகம் என்று கதிரையே அடுப்பில் போட்டவர்களும் உண்டு. விளைவித்தவன் கையாலேயே விளைச்சலை எரிப்பது எத்தகைய வேதனை என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை.

முதல் ஆண்டுச் சாகுபடிக்கு நல்ல உழவெல்லாம் நடக்காது. புரட்டிப்போட்ட பத்தையில் கோடாலியால் ஒரு வெட்டு, அதில் மக்காச்சோள விதை, காலால் ஒரு மிதி. அவ்வளவுதான். கம்பு மாதிரியான ரை தானியமும் உருளைக்கிழங்கும் போட்டுப் பழகிய செக் விவசாயிகளுக்கு மக்காச்சோளம் புதுப் பயிர். பக்கத்து நிலத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். சமையல் மட்டும் மாறவில்லை. கசகசா விதைத்து, அரைத்து, பணியாரம்போன்ற 'கொலாச்' ரொட்டிக்குள் வைத்தார்கள். முட்டைக்கோஸை உப்பிட்டுப் புளிக்கவைத்தார்கள். இறகு மெத்தைக்காக வாத்து வளர்த்தார்கள்.

வெட்டுக்கிளி வந்த கோடை

1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வானத்தை மறைத்துக்கொண்டு வந்திறங்கின. மக்காச்சோளம் மொட்டையானது. வெங்காயத்தை மண்ணுக்குள் இருந்ததோடு தின்று, வெறும் குழியை விட்டுப்போயின. கொடியில் காய்ந்த துணியையும், வியர்வை உப்பு ஏறிய மண்வெட்டிப் பிடியையும்கூடக் கடித்தன. நிலத்தைவிட்டு வெளியே போய்க் கூலிவேலை செய்தாலும் குடியேற்ற உரிமை போகாது என்று அரசு விலக்குக் கொடுக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. வியப்பு என்னவென்றால், அந்த வெட்டுக்கிளி இனமே பிறகு அழிந்துபோனது. உயிரோடு கடைசியாகப் பிடிபட்டது 1902-ல். அது முட்டையிடும் மலைப் பள்ளத்தாக்குகளை விவசாயிகள் உழுது பாசனம் செய்ததே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அப்பா இல்லாத முதல் வசந்தம்

அன்னாவின் அப்பா பிரான்டிஷெக் சாடிலெக், 1880-ல் குடும்பத்தோடு ரெட் கிளவுட் ஊருக்கு வடக்கே வந்து சேர்ந்தார். அந்தச் சமவெளி கண்ட மிகக் கொடிய பனிக்காலங்களில் ஒன்று உடனே தொடங்கியது. தெரியாத மொழி, குழி வீடு, கையில் காசில்லை. 1881 பிப்ரவரியில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தற்கொலை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரப்படவில்லை. நிலத்தின் மூலையில், பாதை ஓரத்தில் புதைத்தார்கள்.

அவர் கண்ட கஷ்டத்தை அன்னாவும் கண்டார். ஆனால், கூடவே சில வசந்தங்களையும் கண்டார். பையன்களுக்குச் சமமாக வயலில் உழைத்தார். பிறகு டவுனில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் பின்னாளில் எழுத்தாளரான வில்லா கேதருக்கு அறிமுகம் ஆனார். திருமணம் செய்துகொள்வதாக நம்பவைத்த ஒரு ரயில்வே ஊழியர் கைவிட்டுப் போக, கர்ப்பிணியாக அம்மா வீட்டுக்குத் திரும்பினார். ஊர் பேசியது. அவர் குழந்தையைப் பெற்று வளர்த்தார். பிறகு தன் நாட்டுக்காரரான ஜான் பாவெல்காவை மணந்து, பிளேடன் பக்கத்தில் பண்ணையை உருவாக்கினார். வீடு நிறையப் பிள்ளைகள், கிடங்கு நிறையப் பழங்கள். அவர் வாழ்க்கையை அடிப்படையாக வைத்து கேதர் எழுதிய 'மை அன்டோனியா' நாவல் 1918-ல் வெளியானது.

மாதம் இரண்டு முறை வந்த நண்பன்

தனித்தனிப் பண்ணைகளில் சிதறிக் கிடந்த செக் விவசாயிகளை ஒன்றுசேர்த்ததில் ஒரு பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. 1890-களின் தொடக்கத்தில் யான் ரோசிட்ஸ்கி ஒமாஹா நகரத்தில் தொடங்கிய 'ஹோஸ்போடார்ஷ்' என்ற விவசாய இதழ் அது. செக் மொழியில் மாதம் இருமுறை வந்தது. அதன் உயிர்நாடி, வாசகர் கடிதங்கள். எந்த மாவட்டத்தில் நிலம் என்ன விலை, மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று விவசாயிகளே எழுதினார்கள். இன்னொரு மாநிலத்தில் இருந்தவர்கள் அதைப் படித்தார்கள். 1897-ல் அதே ஒமாஹாவில் 'மேற்கத்திய போஹீமியச் சகோதரர் சங்க'மும் தொடங்கியது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். பெண்களும் உறுப்பினராகலாம். குடும்பத் தலைவர் போய்விட்டால் மறுநாள் அடுப்பு எரியாத வீடுகளைப் பார்த்தவர்கள் தொடங்கிய சங்கம் அது.

குடியேற்றச் சட்டத்தின்கீழ் மனு போட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் பட்டா வரை தாக்குப்பிடிக்கவில்லை. பட்டா வாங்கிய ஏறக்குறைய 16 லட்சம் பேரிலும், உடனே அடமானம் வைத்தவர்களும் விற்றுவிட்டு மேற்கே போனவர்களும் நிறையப் பேர்.

ஜான் 1926-ல் இறந்தார். அன்னா அதன் பிறகும் ஏறக்குறைய 29 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்களுடைய வீடும் அந்தப் பழக்கிடங்கும் இப்போது நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகின்றன. பாதை ஓரத்தில் புதைக்கப்பட்ட அப்பாவின் எச்சங்களைக் குடும்பத்தார் பின்னாளில் தோண்டி எடுத்து, ரெட் கிளவுட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.