பெயரில் மிஞ்சிய தோட்டங்கள்

பிழைப்பின் பொருட்டு ஹைதராபாத்துக்கு வந்து குடியேறிய நாம், நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயர்களின் பொருளை எண்ணிப் பார்ப்பது அரிது. பஷீர்பாக், ஜாம்பாக், மூசாராம்பாக், பாக்லிங்கம்பள்ளி என்று கேட்டுப் பஸ்ஸில் சீட்டு வாங்குகிறோம். இடம் வந்ததும் இறங்கி நம் வேலையைப் பார்க்கச் செல்கிறோம். ‘பாக்’ என்பது பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். தோட்டம் என்பது அதன் பொருள். இப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே, ஒரு காலத்தில் இந்நகர் எத்தகைய பசுமையுடன் விளங்கியது என்பது புலனாகும்.

பஷீர்பாக்கில் பஷீர் உத்தௌலா சர் ஆஸ்மான் ஜா என்னும் பைகா பிரபுவின் மாளிகை இருந்தது. அவர் 1887 முதல் 1894 வரை நிஜாம் அரசின் முதலமைச்சராக விளங்கியவர். இன்று அம்மாளிகையும் இல்லை, தோட்டமும் இல்லை, கடைகளும் அலுவலகங்களுமே உள்ளன. மூசாராம்பாக் என்னும் பெயர், நிஜாமின் படையில் பணியாற்றி 1798இல் மறைந்த ரெமோன் என்னும் பிரெஞ்சுத் தளபதியைக் குறிப்பது. ‘முஸே ரெமோன்’ என்பதே மக்கள் நாவில் ‘மூசா ராம்’ ஆயிற்று. இவ்வூர் மக்கள் கொய்யாவை ‘ஜாம்’ என்பர். ஆகவே ஜாம்பாக் என்றதும் கொய்யாத் தோட்டமே நினைவுக்கு வரும். இன்று அங்கே கொய்யாப் பழத்தைத் தள்ளுவண்டியில்தான் காணலாம்.

தோட்டங்கள் மறைந்தபின் பழம் வெளியூரிலிருந்து வரத் தொடங்கியது. நாம் சாத்துக்குடி என்று வாங்குவதை இங்குள்ளோர் ‘பத்தாயி’ என்கின்றனர். படேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, என்னும் பெயரின் திரிபு அது என்பர். நல்கொண்டா மாவட்டத்தில் இது பெருமளவில் விளைகிறது. ஆனால் சாத்துக்குடி என்ற பெயரோ, வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டுக்கு அருகிலுள்ள சாத்கர் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது என்று தோட்டக்கலை அறிஞர் கூறுவர். நம்மைப் போலவே இப்பழமும் பிறந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு புலம்பெயர்ந்து, வந்த மண்ணில் வேரூன்றியிருக்கிறது!

இத்தனை தோட்டங்களும் மறைய, நாம்பள்ளி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் ஒன்று மட்டும் நிலைத்து நிற்கிறது. அதுவே ‘பாகே ஆம்’ எனப்படும் பப்ளிக் கார்டன்ஸ். ‘ஆம்’ என்றதும் மாம்பழம் என்று கருதி, இதனை மாந்தோப்பு என்று நினைப்போரும் உண்டு. அது தவறு. உருதுவில் மாம்பழத்தைக் குறிக்கும் சொல் வேறு எழுத்தில் தொடங்கும். இங்குள்ள ‘ஆம்’ பொதுமக்களுக்குரியது என்று பொருள்படும். 1846இல் அமைந்ததாகச் சொல்லப்படும் இது, நகரின் மிகப் பழைய பூங்கா. 1963இல் நேரு விலங்குக்காட்சிசாலை திறக்கப்பெறும் வரை, நகரத்துச் சிறுவர்கள் புலியையும் சிங்கத்தையும் கண்டு களித்தது இங்கேதான்.

பிரபுக்களின் தோட்டங்கள் அழிய, இது மட்டும் எவ்வாறு பிழைத்தது? விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. ஒருவருக்கே உரிய தோட்டம், அவர் காலத்துக்குப்பின் பங்கிடப்படும், விற்கப்படும், மனைகளாகும். எல்லோருக்கும் உரிய தோட்டத்தை விற்க ஒருவருக்கு மட்டும் உரிமை இல்லை. இப்பூங்காவிலும் அருங்காட்சியகம், ஜூபிலி மண்டபம், பால பவன் என்று கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிலத்தைக் குறைத்தன என்பது உண்மையே. அவை யாவும் பயனுள்ளவையே. ஆயினும், பயனுள்ள கட்டடமும் மரம் நின்ற இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

பொதுச்சொத்து தானாகவே காப்பாற்றப்படும் என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. 2016இல் ஜூபிலி ஹில்ஸ் கே.பி.ஆர். தேசியப் பூங்காவைச் சுற்றி மேம்பாலங்கள் அமைக்க மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது, நகரமக்கள் திரண்டு எதிர்த்தனர்; தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தையும் நாடினர். தமக்குரியது என்று மக்கள் உணர்ந்ததாலன்றோ அவ்வாறு திரண்டனர்?

இந்நகரம் நமக்குப் பிறந்த ஊர் அன்று. ஆயினும் நம் மக்களுக்கு இதுவே பிறந்த ஊர். ஆகவே ஞாயிறன்று கடைத்தெருவுக்குச் செல்லும் குடும்பங்கள், ஒரு மாலைப்பொழுதையேனும் பாகே ஆமுக்கு ஒதுக்குக. அங்குள்ள மரங்களின் பெயர்களைச் சிறுவர்க்குத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொடுங்கள். மரத்தின் பெயரறிந்து வளரும் பிள்ளை, பிற்காலத்தில் அது வெட்டப்படும்போது வாய்மூடி இராது.