இரவில் வற்றும் பாட்டரி

பெருங்குடி என்றவுடன் இந்நாளைய மாணவர்க்குக் கண்ணாடி பதித்த உயர்ந்த மாளிகைகளே நினைவுக்கு வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த அவ்வூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. வயல்கள் மனைகளாகிவிட்டன, எனினும் உழவுத்தொழில் நடந்த காலத்து அடையாளங்கள் சில வீடுகளில் இன்னும் உள. அத்தகைய வீடொன்றின் கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டர் ஒன்று நமக்குப் புகட்டிய பாடத்தை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வண்டி உழவை விட்டு நெடுங்காலமாயிற்று. மணலும் செங்கல்லும் ஏற்றிய டிரெய்லரை இழுத்து, அதனை உடைய பெரியவருக்குக் கூலி ஈட்டித் தருகின்றது. மாலையில் நன்றாக ஓடி நின்ற வண்டி, சில நாள் காலையில் கிளம்ப மறுக்கும். வேறொரு வண்டியால் இழுத்தாலன்றி உயிர் பெறாது. அன்றைய கூலியும் போய்விடும். பாட்டரி கெட்டதெனக் கருதிப் புதிது வாங்கினார். ஓராண்டுக்குள் அதுவும் கெட்டது. மூன்றாவது பாட்டரிக்குக் கடன் கேட்கப் புறப்பட்டவரை, "ஐயா, சில நாள் பொறுத்தருளுங்கள், மின்சாரம் எங்கே போகிறதென்று முதலில் பார்த்துவிடுவோம்" என்று கூறி நிறுத்தினோம்.

பாட்டரியின் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். ஈயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்ட இவ்வகையை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளான்டே என்பார் அமைத்தார். டிராக்டர் பாட்டரியில் ஆறு அறைகள் உள. நிறைந்த நிலையில் அறையொன்றுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட்டாக, மொத்தம் 12.6 வோல்ட் காணும். 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கின், பெரும்பகுதி செலவாயிற்றென்க. மின்சாரம் செலவாகுந்தோறும் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு படிகின்றது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாட்பட விட்டாலோ கடினமான பளிங்காய் இறுகிவிடும். ஆதலின் அடிக்கடி முற்றும் வற்றும் பாட்டரி, அவ்வற்றுதலாலேயே சாகின்றது. பெரியவரின் புதிய பாட்டரியும் விரைவில் கெட்டதன் காரணம் இதுவே.

இனி, கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. பாட்டரிக்கு வேண்டிய மின்சாரம் வந்து சேர்கின்றதா? சேர்ந்ததை அது வைத்துக்கொள்கின்றதா? வைத்திருப்பது வேறு வழியே வெளியேறுகின்றதா?

முதல் வினாவுக்கு, எஞ்சின் ஓடும்பொழுது பாட்டரி முனைகளில் வோல்ட் மீட்டரை வைத்தோம். 14 வோல்ட் காட்டிற்று. பெல்ட்டும் தளரவில்லை. இரண்டாவது வினாவுக்கு, பாட்டரியை மின்னேற்றி, கம்பிகளைக் கழற்றி இரண்டு இரவு தனியே வைத்தோம். அளவு குறையவில்லை. ஆகவே மூன்றாவது வினாவே எஞ்சிற்று.

இவ்விடத்துச் சிறு கணக்கொன்று வழி காட்டிற்று. 75 ஆம்பியர்-மணி கொள்ளளவுடைய பாட்டரி, அரை ஆம்பியர் கசிவால் வற்ற 150 மணி நேரம், அஃதாவது ஆறு நாளுக்கு மேல் ஆகும். பத்து மணி நேர இரவில் வற்ற வேண்டுமாயின் ஏழு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். எனவே நாம் தேடியது சிறு கசிவன்று, பெருவழி என்பது தெளிவாயிற்று.

எஞ்சினை நிறுத்தி, வண்டியின் உடலோடு இணைந்த பாட்டரிக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே 12 வோல்ட் விளக்கு ஒன்றைச் சேர்த்தோம். ஆம்பியர் மீட்டரை முதலிலேயே வைப்பின், பெரிய ஓட்டத்தால் அது கெடக்கூடும். விளக்கு எரியவில்லை. பெரியவர் முகம் வாடிற்று. ஆனால் வண்டி எல்லா நாளும் மறுப்பதில்லையே! ஆதலின் எஞ்சினை மறுபடியும் ஓட்டி நிறுத்திச் சோதித்தோம். மூன்றாம் முறை நிறுத்தியபொழுது விளக்குப் பளிச்சென்று எரிந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். முன்விளக்கு, ஹாரன் ஆகியவற்றின் கம்பிகளைக் கழற்றியும் மாறுதலில்லை. டைனமோவிலிருந்து வரும் தடித்த கம்பியைக் கழற்றியவுடன் விளக்கு அணைந்தது.

டாஃபே நிறுவனம் சென்னையில் தோன்றியது 1960ஆம் ஆண்டில். அக்காலத்து டிராக்டர்களில், எவர் செய்தவையாயினும், டைனமோவே பெருவழக்கு. டைனமோவுக்கும் பாட்டரிக்கும் இடையே 'கட்-அவுட்' என்னும் காவற்காரன் உண்டு. டைனமோ போதிய வேகத்தில் சுழலும்போது அதன் காந்தம் இரு முனைகளைச் சேர்த்து வழி திறக்கும். வேகம் குறைந்தவுடன் வில் அவற்றைப் பிரித்து வழியடைக்கும். முனைகள் பொறிபட்டுக் குழிந்து ஒட்டிக்கொண்டால், பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பி ஓடி இரவெல்லாம் வீணாகும். கம்பியை மீண்டும் மாட்டி, கட்-அவுட் மூடியை மரப்பிடியால் மெல்லத் தட்டினோம், விளக்கு அணைந்தது. ஒட்டியிருந்த முனைகள் பிரிந்தன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கட்-அவுட்டை மாற்றிய பின் அவ்வண்டி காலைதோறும் தவறாது கிளம்புகின்றது. செலவு, புதிய பாட்டரி விலையில் சிறு பகுதியே. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில், அதனுள்ளிருக்கும் டயோடு பழுதாயினும் இவ்வாறே கசியும்.

நிற்க. இவ்வேலையில் இறங்குவோர் சிலவற்றை மறத்தலாகாது. மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். அருகில் தீ ஆகாது. மோதிரம், கைக்கடியாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுக. உடலோடு இணைந்த கம்பியையே முதலிற் கழற்றி, இறுதியில் மாட்டுக. பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் அது பாசிட்டிவ் முனையாயிருக்கும், பார்த்தறிக. எஞ்சின் ஓடுகையில் எதனையும் கழற்றற்க.

நோயின் முதலை நாடாது மருந்தை மாற்றுவோர் பொருளையும் காலத்தையும் இழப்பர். விஞ்ஞான வகுப்பில் வினாவை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கக் கற்ற நாம், அக்கல்வியைக் கொட்டகை வரை கொண்டு செல்வோமாயின், ஒரு குடும்பத்தின் கடனையேனும் தடுக்கலாம்.